முதலீட்டு ஃபைல் மேஜைக்கு வந்தால்: கம்பெனி நிதி முடிவுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு முதலீட்டு ஃபைல் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். "வருவாய் விகிதம் 22 சதவீதம், மூன்று வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்" என்று அங்கேதான் எழுதியிருக்கும். நான் அந்தப் பக்கத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். அந்த 22-க்கு அடியில் ஒரு விற்பனை எண் இருக்கும், அதை யார் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. சூத்திரத்தை எக்செல் போட்டுவிடும். எக்செல்லுக்குள் போகிற எண்ணை மனிதர்தான் போட வேண்டும், தப்பு நடப்பதும் அங்கேதான்.

சின்ன கம்பெனியோ பெரிய கம்பெனியோ, முறை ஒன்றுதான். கீழே லட்சக் கணக்கில் எண்கள் வரும், எந்த நாணயமாக வைத்துக்கொண்டாலும் சரி.

படி 1: உள்ளே முடங்கிக் கிடக்கும் பணத்தை முதலில் பாருங்கள்

புது மெஷினுக்குக் கடன் தேடுவதற்கு முன்னால், இருக்கிற தொழிலுக்குள்ளேயே எவ்வளவு பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். மூலப்பொருள் உள்ளே வந்து விற்பனையாகி வெளியே போக 45 நாள், விற்ற பிறகு வாடிக்கையாளர் பணம் கொடுக்க 60 நாள், நீங்கள் சப்ளையருக்குக் கொடுக்க எடுத்துக்கொள்வது 30 நாள் என்றால், 45-ஐயும் 60-ஐயும் கூட்டி 30-ஐக் கழித்தால் 75 நாள். அந்த 75 நாளும் உங்கள் பணம் வெளியே நிற்கிறது. தினமும் சராசரியாக 1 லட்சம் செலவாகும் தொழில் என்றால் ஏறக்குறைய 75 லட்சம் எப்போதும் சரக்காகவும் பாக்கியாகவும் கிடக்கும். இதற்குத்தான் நடைமுறை மூலதனம் என்று பெயர்.

வாடிக்கையாளர் பாக்கியை 60 நாளிலிருந்து 45-க்குக் கொண்டுவந்தால் 15 லட்சம் கைக்கு வரும், எந்த வங்கியிடமும் போய் நிற்காமல், வட்டி இல்லாமல். பல கம்பெனிகளில் இதைச் செய்ய யாரும் நேரம் ஒதுக்குவதில்லை, ஏனென்றால் பாக்கி வசூலிப்பது மெஷின் வாங்குவது மாதிரி பெருமையான வேலை இல்லை. ஆனால் லாபம் காட்டிக்கொண்டிருந்த கம்பெனி ஒரு மாதம் சம்பளம் போட முடியாமல் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விற்பனை வேகமாக வளரும்போது இந்த ஆபத்து இன்னும் கூடும், ஒவ்வொரு புது ஆர்டரும் முதலில் பணத்தைக் கேட்கும், பிறகுதான் கொடுக்கும்.

அதனால் அடுத்த 13 வாரத்துக்கு, வாரா வாரம், என்ன வரும் என்ன போகும் என்று ஒரே தாளில் எழுதிவையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் பெரிய முதலீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

படி 2: கேள்வியைச் சரியாக எழுதுங்கள்

"இந்த மெஷினை வாங்கலாமா" என்பது அரைக் கேள்விதான். முழுக் கேள்வி இப்படி இருக்கும்: நமக்கு என்ன பிரச்சினை, அதைத் தீர்க்க எத்தனை வழி இருக்கிறது? பேக்கிங் பிரிவில் வேலை தேங்குகிறது என்றால் புது மெஷின் ஒரு வழி, பழையதையே இன்னொரு ஷிஃப்ட் ஓட்டுவது ஒரு வழி, வாடகைக்கு எடுப்பது, வேலையை வெளியே கொடுப்பது, எதுவும் செய்யாமல் இருப்பது என்று இன்னும் வழிகள் உண்டு. அந்தக் கடைசி வழியையும் கட்டாயம் எழுத வேண்டும். எதுவும் செய்யாவிட்டால் இன்றைய நிலையே நீடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது, சும்மா இருந்தால் இரண்டு வருடத்தில் வாடிக்கையாளர் போய்விடுவார் என்றால் அதுவும் கணக்கில் வர வேண்டும்.

படி 3: லாபத்தை விடுங்கள், பணத்தை எழுதுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. ஒரு உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொண்டு போகலாம்.

பேக்கிங் மெஷின் விலை 40 லட்சம். கொண்டுவந்து பொருத்த 4 லட்சம். உற்பத்தி கூடினால் சரக்கும் பாக்கியும் கூடும், அதற்கு 6 லட்சம். ஆக, இன்று வெளியே போவது 50 லட்சம். கொட்டேஷனில் இருப்பது 40 மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள், மீதி 10 லட்சம் எங்கேயும் அச்சடித்து வராது, நீங்களாகத்தான் தேடி எழுத வேண்டும்.

மெஷின் 5 வருடம் ஓடும். அதனால் கூடுதலாக வரும் விற்பனை வருடத்துக்கு 30 லட்சம், கூடுதல் செலவு 14 லட்சம். வரிக்கு முன் மிச்சம் 16. மெஷினுக்கும் பொருத்தியதற்கும் ஆன 44 லட்சத்தை 5 வருடத்துக்குச் சமமாகப் பிரித்தால் தேய்மானம் வருடத்துக்கு 8.8. அதைக் கழித்தால் வரி போடக்கூடிய லாபம் 7.2, வரி 25 சதவீதம் என்று வைத்தால் 1.8. இப்போது கையில் நிற்கும் பணம் 16-லிருந்து 1.8 போக 14.2 லட்சம். தேய்மானமாக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை, அது வரியைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த உதவி சின்னது இல்லை, இங்கே வருடத்துக்கு 2.2 லட்சம் வரி மிச்சம்.

ஐந்தாம் வருட முடிவில் நடைமுறை மூலதனத்தில் போட்ட 6 லட்சம் திரும்பிவிடும். அப்போது இந்த மெஷினை விற்றுக் கிடைப்பதைச் சைபர் என்றே வைப்போம்.

சரி, எதைச் சேர்ப்பது, எதை விடுவது? ஒரே கேள்வி போதும்: இந்த முடிவை எடுப்பதால் இந்தப் பணம் மாறுகிறதா? போன வருடம் ஆலோசகருக்குக் கொடுத்த கட்டணம் போனது போனதுதான், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் திரும்பாது, சேர்க்காதீர்கள். தலைமை அலுவலகச் செலவில் ஒரு பங்கை இந்த மெஷின் தலையில் கட்டுவார்கள், மெஷின் வராவிட்டாலும் அந்தச் செலவு இருக்கும் என்றால் அதையும் விடுங்கள். மாறாக, மெஷின் வைக்கப்போகும் ஷெட்டை வாடகைக்கு விட்டிருக்கலாம் என்றால் அந்த வாடகை உண்மையான செலவு, பில் எதுவும் வராவிட்டாலும் எழுத வேண்டும். புதுப் பொருளால் பழைய பொருளின் விற்பனை குறையும் என்றால் அதைக் கழிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, அனுபவசாலிகளும் இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன்: கடன் வட்டியை இந்தப் பண ஓட்டத்தில் கழிக்கக் கூடாது. அடுத்த படியில் வரும் விகிதத்துக்குள்ளேயே வட்டி இருக்கிறது. இங்கேயும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணுகிறீர்கள்.

படி 4: பணத்துக்கு என்ன விலை?

கம்பெனி போடும் பணம் இலவசம் இல்லை. கடன் கொடுத்தவர் வட்டி கேட்கிறார். பங்குதாரர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், அதே பணத்தை அதே அளவு ஆபத்துள்ள வேறொரு இடத்தில் போட்டால் என்ன கிடைக்குமோ அதை எதிர்பார்க்கிறார்.

மொத்த மூலதனத்தில் 40 சதவீதம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். வட்டிக்கு வரிச் சலுகை உண்டு என்பதால் 25 சதவீத வரியில் அதன் நிஜ விலை 7.5. மீதி 60 சதவீதம் பங்கு மூலதனம். அதன் விலையைக் கணக்கிடப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் 1964-ல் முன்வைத்த முறையைத்தான் இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள்: ஆபத்தில்லாத முதலீட்டில் 6 சதவீதம் கிடைக்கிறது, பங்குச் சந்தை அதற்கு மேல் சராசரியாக 6 கொடுக்கிறது, உங்கள் தொழில் சந்தையைப் போல் ஒன்றரை மடங்கு ஏறி இறங்கும் என்றால், 6-உடன் 9 சேர்த்து 15. இப்போது 40 சதவீதத்துக்கு 7.5, 60 சதவீதத்துக்கு 15, இரண்டும் சேர்ந்து 3-ம் 9-ம், மொத்தம் 12 சதவீதம்.

ஒரு எச்சரிக்கை. இந்த 12 உங்கள் இப்போதைய தொழிலுக்கான விலை. முற்றிலும் புதிய, ஆபத்து அதிகமான தொழிலில் இறங்கும்போதும் அதே 12-ஐப் போட்டால் ஆபத்தான திட்டங்கள் எல்லாம் அழகாகத் தெரியும். "இந்தத் திட்டத்துக்கு முழுக்கக் கடன் கிடைக்கிறது, அதனால் 7.5 போதும்" என்ற வாதமும் செல்லாது, ஏனென்றால் அந்தக் கடனை வங்கி கொடுப்பது கம்பெனியின் மொத்தப் பலத்தை நம்பித்தான், நாளைக்கு அடுத்த திட்டத்துக்கு அந்த அளவு கடன் வாங்க முடியாது.

இந்த விலையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு லாக்ஹீட் கம்பெனியின் ட்ரைஸ்டார் விமானம் ஒரு பாடம். 1971-ல் அமெரிக்க அரசின் கடன் உத்தரவாதத்தைக் கேட்டு நின்றபோது, ஏறக்குறைய 200 விமானம் விற்றால் போட்டது திரும்பிவிடும் என்று கம்பெனி சொன்னது. கடைசியில் 250 விமானங்கள் தயாராகின. அப்படியும் அந்தத் திட்டம் பெரும் நஷ்டத்தில்தான் முடிந்தது, 1981-ல் அதைக் கைவிடும் முடிவை அறிவித்தார்கள். அந்த 200 என்ற கணக்கில், இத்தனை வருடம் போட்டுவைத்த பணத்துக்கான விலை சேர்க்கப்படவே இல்லை. செலவும் வரவும் சமமாகும் எண்ணிக்கை வேறு, பங்குதாரருக்குச் சேர வேண்டியதும் சேர்ந்து சமமாகும் எண்ணிக்கை வேறு.

படி 5: கணக்கைப் போடுங்கள்

12 சதவீதம் என்றால், அடுத்த வருடம் வரும் 1.12 இன்றைக்கு 1-க்குச் சமம். அப்படியானால் முதல் வருட 14.2 இன்றைய மதிப்பில் 12.68. இரண்டாம் வருடம் 11.32, மூன்றாம் வருடம் 10.11, நான்காம் வருடம் 9.02, ஐந்தாம் வருடம் 8.06. கூட்டினால் 51.19. கடைசியில் திரும்பும் 6 லட்சத்தின் இன்றைய மதிப்பு 3.40. மொத்தம் 54.59. போடுவது 50. நிகர தற்போதைய மதிப்பு 4.59 லட்சம். எல்லோருக்கும் அவரவர் பங்கைக் கொடுத்த பிறகு, இன்றைய பணத்தில் கம்பெனிக்கு மிச்சமாவது இதுதான். சைபருக்கு மேலே இருந்தால் ஏற்கலாம்.

மற்ற அளவுகோல்களும் புழக்கத்தில் இருக்கின்றன. போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று பார்த்தால் 50-ஐ 14.2-ஆல் வகுத்து மூன்றரை வருடம். ஆனால் பணத்தின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு வருடத்தில் 43.13-தான் திரும்பியிருக்கும், ஐந்தாம் வருடத்தில்தான் தலை நிமிரும். சும்மா பார்க்கும் மூன்றரை வருடம் எவ்வளவு ஏமாற்றுகிறது பாருங்கள். கணக்குப் புத்தக லாபத்தை வைத்துப் பார்த்தால் எதிர்ப்பக்கத் தவறு நடக்கும்: வரி போக லாபம் 5.4, போட்ட 50-க்கு 10.8 சதவீதம், 12-க்குக் கீழே என்று ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஐஆர்ஆர் என்ற உள் வருவாய் விகிதம், அதாவது நிகர தற்போதைய மதிப்பைச் சைபராக்கும் விகிதம், இங்கே ஏறக்குறைய 15.5 சதவீதம். கூட்டத்தில் சொல்ல வசதியான எண். ஆனால் இரண்டு இடங்களில் காலை வாரும். ஒன்று, அளவைப் பார்க்காது. 10 லட்சம் போட்டு ஒரு வருடத்தில் 15 வாங்குவது 50 சதவீதம், 100 லட்சம் போட்டு 125 வாங்குவது 25 சதவீதம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் விகிதம் முதலாவதைக் காட்டும், ஆனால் 12 சதவீதத்தில் முதலாவது கொடுப்பது 3.39 லட்சம், இரண்டாவது 11.61 லட்சம். விகிதத்தை வைத்துச் சம்பளம் போட முடியாது, பணத்தை வைத்துத்தான் போட முடியும். இரண்டு, கடைசியில் பெரிய செலவு வரும் திட்டங்களில், உதாரணமாகச் சுரங்கத்தை மூடி நிலத்தைச் சரிசெய்வது போன்றவற்றில், விடையே இரண்டு வரும். இன்று 100 போட்டு, அடுத்த வருடம் 230 வாங்கி, அதற்கடுத்த வருடம் 132 கொடுக்க வேண்டும் என்றால் 10 சதவீதமும் சரியான விடை, 20 சதவீதமும் சரியான விடை. போட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட இடத்தில் நிகர தற்போதைய மதிப்பை மட்டும் நம்புங்கள்.

படி 6: உங்கள் கணக்கை நீங்களே உடையுங்கள்

4.59 லட்சம் என்று வந்ததும் கையெழுத்துப் போடத் தோன்றும். பொறுங்கள். விற்பனை 10 சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்? 14 லட்சம் செலவில் 8 லட்சம் விற்பனையோடு ஏறி இறங்கும், 6 லட்சம் எப்படியும் ஆகும் என்று வைத்தால், விற்பனை 27, செலவு 13.2, வரி போகக் கையில் நிற்பது 12.55. நிகர மதிப்பு சைபருக்குக் கீழே போய் 1.36 லட்சம் நஷ்டம். சரியாகச் சொன்னால் விற்பனை 7.7 சதவீதம் குறைந்தாலே மிச்சம் ஒன்றும் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு விற்பனைப் பிரிவிடம் கேட்கிற கேள்வியே மாறிவிடும். "30 லட்சம் வருமா" என்று கேட்டால் வரும் என்பார்கள். "27.7-க்குக் கீழே போகாது என்று எந்த ஆர்டரை வைத்துச் சொல்கிறீர்கள்" என்று கேட்டால்தான் ஆர்டர் புத்தகத்தைத் திறப்பார்கள்.

தாமதத்தையும் இப்படியே சோதியுங்கள். ஆறு மாதம் தாமதமானால் 4.59 என்பது 1.58 ஆகிவிடும். ஒரு வருடம் தாமதமானால் 1.26 லட்சம் நஷ்டம்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மெஷின் சொன்ன தேதிக்கு வந்து இறங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். பொருத்த வந்த டெக்னீஷியன் மின் பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த லோடு தாங்காது என்று சொன்னார். கூடுதல் மின் இணைப்புக்கு விண்ணப்பம், டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் என்று எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதமும் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய மெஷினைத் தாண்டித்தான் தினமும் கேன்டீனுக்குப் போவோம். தவணை மாதா மாதம் போய்க்கொண்டிருந்தது. ஃபைலில் 14 பக்கம் கணக்கு இருந்தது, மின்சாரம் என்ற சொல் யூனிட் செலவில் மட்டும்தான் இருந்தது. அந்த ஃபைலைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன், அதனால்தான் இன்றைக்கும் பொருத்துகிறவரிடம் பேசாமல் எந்த மெஷின் கணக்கையும் ஏற்பதில்லை.

உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஆமோஸ் டிவெர்ஸ்கியும் 1979-ல் இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்தார்கள்: நம் திட்டத்தின் விவரங்களுக்குள் மூழ்கிவிட்டு, இதே மாதிரி திட்டங்கள் உலகத்தில் எப்படி முடிந்தன என்று பார்க்க மறந்துவிடுகிறோம். சிட்னி ஆபரா ஹவுஸுக்கு முதலில் போட்ட மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963-ல் முடிப்பதாகத் திட்டம். திறந்தது 1973-ல், ஆன செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் கம்பெனியின் கடைசி ஐந்து திட்டங்களை எடுத்து, சொன்ன செலவு, ஆன செலவு, சொன்ன தேதி, நடந்த தேதி என்று எழுதுங்கள். சராசரியாக நான்கு மாதம் தாமதம் என்றால் புதுத் திட்டத்திலும் நான்கு மாதத்தைச் சேர்த்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

உளவியலாளர் கேரி க்ளைன் சொன்ன ஒரு பயிற்சியும் நன்றாக வேலை செய்யும். முடிவெடுக்கும் கூட்டத்தில் எல்லோரிடமும் ஒரு தாள் கொடுத்து, "ஒரு வருடம் கழிந்துவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி, ஏன் தோற்றது என்று எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். முதலாளி முன்னால் வாய் திறக்காத ஸ்டோர் கீப்பர் எழுதுகிற ஒரு வரிதான் பல நேரம் உங்களைக் காப்பாற்றும்.

படி 7: எப்படிப் பணம் திரட்டுவது, எவ்வளவை ஒரே நேரத்தில் போடுவது

திட்டம் நல்லதா என்பதும், அதற்குப் பணம் எங்கிருந்து என்பதும் தனித்தனிக் கேள்விகள். குறைந்த வட்டிக் கடன் கிடைத்ததால் மட்டும் மோசமான திட்டம் நல்லதாகாது. ஐந்து வருடம் ஓடும் சொத்துக்கு ஐந்து வருடக் கடன், ஓரிரு மாதத்தில் திரும்பும் சரக்குக்குக் குறுகிய காலக் கடன், இந்தப் பொருத்தத்தை உடைக்காதீர்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய கடனை வைத்துக் கட்டடம் கட்டிய கம்பெனி, வங்கி ஒரு முறை புதுப்பிக்க மறுத்தாலே ஆட்டம் கண்டுவிடும்.

முடிந்தால் பிரித்துப் போடுங்கள். ஐந்து மெஷினுக்குத் திட்டம் என்றால் முதலில் ஒன்று, அதன் ஆறு மாத எண்களைப் பார்த்துவிட்டு மீதி. ஒன்றாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தள்ளுபடியை விட்டுக்கொடுத்து நீங்கள் வாங்குவது, நிலைமை சரியில்லை என்றால் நிறுத்திக்கொள்ளும் உரிமை. சந்தை எப்படிப் போகும் என்று தெரியாத தொழிலில் அந்த உரிமைக்கு நல்ல விலை உண்டு.

நல்ல திட்டமே இல்லை என்றால்? பணத்தைப் பங்குதாரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அல்லது கடனைக் குறையுங்கள். கையில் பணம் இருக்கிறதே என்று எதையாவது வாங்குவது கம்பெனிகளுக்கு வரும் மிக மோசமான பழக்கம்.

படி 8: கையெழுத்துக்குப் பிறகு

முடிவெடுக்கும் நாளிலேயே இரண்டு விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த எண் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் யார் நிறுத்தச் சொல்வார்கள். பாதி வழியில் இதைப் பேச முடியாது, அதற்குள் எல்லோருடைய பெயரும் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிட்டனும் பிரான்சும் 1962-ல் கையெழுத்திட்ட கான்கார்ட் விமானத் திட்டம் இதற்குப் பெயர்போனது. செலவு ஏறிக்கொண்டே போயும் இவ்வளவு போட்டாயிற்றே என்று தொடர்ந்தார்கள். 1976-ல் பயணிகள் சேவை தொடங்கியது, கட்டியது மொத்தம் 20 விமானங்கள்தான், 2003-ல் ஓய்வு கொடுத்தார்கள், உருவாக்கப் போட்ட பணம் அரசுகளுக்குத் திரும்பவே இல்லை. தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் நாளில் பார்க்க வேண்டியவை இனிமேல் போக வேண்டிய பணமும் இனிமேல் வரப்போகும் பணமும் மட்டும்தான்.

மெஷின் ஓட ஆரம்பித்து ஒரு வருடம் ஆனதும் பழைய ஃபைலை எடுங்கள். 30 லட்சம் என்றோம், எவ்வளவு வந்தது? 14 லட்சம் செலவு என்றோம், எவ்வளவு ஆனது? யாரையும் திட்டுவதற்காக இதைச் செய்யக் கூடாது, திட்ட ஆரம்பித்தால் அடுத்த முறை எல்லோரும் எண்களைக் குறைத்துச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், அதுவும் பொய்க் கணக்குதான். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதைச் சொன்னவர் பெயர், எதை வைத்துச் சொன்னார், நடந்தது என்ன என்று மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அடுத்த ஃபைல் வரும்போது அந்த நோட்டு மேஜையில் இருக்கட்டும்.